தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிகிறதா? மார்பகப் புற்றுநோயைக் கடந்த மூத்த பெண்களின் கேள்விகள்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு உடற்பயிற்சி செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அறுபது வயதைத் தாண்டியவர்களிடமிருந்தும் அவர்களின் பிள்ளைகளிடமிருந்தும் வந்தவை. புற்றுநோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பதில் சொல்கிறார். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

அம்மாவுக்கு வயது 68. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பகத்தை எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது மாத்திரை மட்டும்தான். டாக்டர் 'எல்லாம் நார்மல்' என்கிறார். ஆனால் தரையில் உட்கார்ந்தால் அம்மாவால் எழ முடியவில்லை, நாற்காலியிலிருந்து எழக்கூட சுவரைப் பிடிக்கிறார். நாங்கள் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். இது வயதா, நோயா?
– ஒரு மகள், கும்பகோணம்

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மூன்றாவது காரணம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை'. கோபித்துக்கொள்ளாதீர்கள், பாசத்தில் செய்வதுதான், எங்களிடம் வரும் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இதே கதைதான். மகள் தட்டை எடுத்துவிடுவாள், மருமகள் துணியை எடுத்துவிடுவாள், பேரன் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுப்பான், அம்மா கட்டிலிலிருந்து சோபாவுக்கும் சோபாவிலிருந்து கட்டிலுக்கும் நடப்பார். இப்படி ஒரு வருடம் போனால் தொடையில் என்ன மிஞ்சும்?

அமெரிக்காவில் 2007-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. நோய் எதுவும் இல்லாத, சராசரியாக 67 வயதுள்ள 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்தக் கதி என்றால், அறுவை சிகிச்சை, கீமோ, அந்த நாட்களில் சாப்பிட முடியாமல் வாந்தி, ரத்தம் குறைவு, அசதி என்று மாதக்கணக்கில் சுருண்டு கிடந்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்! இளம் வயதுப் பெண்ணுக்கு அது ஓரளவு தானாகத் திரும்பிவிடும். 68 வயதில் தானாகத் திரும்பாது, வேலை கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். வேலை கொடுத்தால் வரும் என்பதுதான் நல்ல செய்தி, எழுபதிலும் வரும், எண்பதிலும் வரும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? முதலில் நிலைமை என்ன என்று வீட்டிலேயே அளந்து பாருங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். அம்மா இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முழுசாக எழுந்து, மறுபடி உட்கார வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுள்ள பெண்ணுக்கு 11-க்குக் கீழே போனால் அது சராசரியை விடக் குறைவு, கீழே விழும் ஆபத்தும் கூடுதல். 70 முதல் 79 வரை 10 என்பது கணக்கு. கை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை என்றால் அதையும் பூஜ்யம் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி (மூன்று மீட்டர்) நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். மருத்துவமனையில் நாங்கள் செய்து பார்க்கும் சோதனைகளும் ஏறக்குறைய இவைதான், பெரிய மெஷின் எதுவும் கிடையாது.

பயிற்சியும் அதே நாற்காலிதான். எழ முடியாதவருக்கு நாற்காலியின் மேல் கெட்டியான மெத்தையோ மடித்த ஜமக்காளமோ போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், எழுவது சுலபமாகும். எட்டு முறை எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பத்துப் பன்னிரண்டு முறை மூச்சு வாங்காமல் வந்துவிட்டால் ஜமக்காளத்தை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால், உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல் மனதுக்குள் நான்கு எண்ணி மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். அந்த இறக்கத்திலும் தொடை வலுவடையும். செய்து முடித்ததும் தொடை கொஞ்சம் கனக்க வேண்டும். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம்.

தரையிலிருந்து எழுவதைத் தனியாகப் பழக வேண்டும். சம்மணத்திலிருந்து நேராக எழ முயலாமல், ஒருபக்கம் சாய்ந்து, தவழும் நிலைக்கு வந்து, முன்னால் இருக்கும் நாற்காலியில் கை வைத்து, வலுவான காலை முன்னே ஊன்றி எழ வேண்டும். முட்டிக்குக் கீழே தலையணை போட்டுக்கொள்ளலாம். 'எதுக்கும்மா தரையில உட்காரணும், சோபா இருக்கே' என்று சொல்லாதீர்கள். தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் ஒருமுறை விட்டுப்போனால் திரும்பக் கொண்டுவருவது சிரமம், வீட்டில் தனியாக இருக்கும்போது தப்பித்தவறி விழுந்துவிட்டால் எழுந்திருக்கவும் அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

அப்புறம், தட்டை அவரே எடுத்து வைக்கட்டும்.

எனக்கு 63 வயது. எட்டு வருடத்துக்கு முன் வலது பக்கம் ஆபரேஷன், அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். 'அந்தக் கையால் கனமான எதையும் தூக்காதே, கை யானைக்கால் மாதிரி வீங்கிவிடும்' என்று அன்றிலிருந்து எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு குடம் தண்ணீர் தூக்கி எட்டு வருடமாகிறது. இப்போது பேத்தியைக்கூடத் தூக்க பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

இந்தப் பயத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கோபம், உங்கள் மேல் இல்லை அம்மா, பயம் காட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டவர்கள் மேல். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கும் அங்கே ரேடியேஷன் கொடுத்தவர்களுக்கும் கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம் என்பது உண்மை. அதனால் கையை ஆட்டாமல் அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது, யாரும் சோதித்துப் பார்க்காமலே பல வருடம் சொல்லிவந்த அறிவுரை.

சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த கேத்ரின் ஷ்மிட்ஸ். ஏற்கெனவே கை வீக்கம் உள்ள 141 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார், ஒரு வருடம். 2009-ல் முடிவு வெளியானது. வீக்கம் மோசமானவர்கள் எடை தூக்கிய குழுவில் 14 சதவீதம், தூக்காத குழுவில் 29 சதவீதம். ஆம், தூக்காதவர்களுக்குத்தான் அதிகம். வீக்கம் இன்னும் வராத, ஆனால் வர வாய்ப்புள்ள 154 பெண்களை வைத்து அடுத்த வருடம் வந்த ஆய்விலும் தூக்கியவர்களில் 11 சதவீதம், தூக்காதவர்களில் 17 சதவீதம்.

ஆனால் இதைப் படித்த வேகத்தில் நாளைக்கே குடத்தை இடுப்பில் வைத்துவிடாதீர்கள்! அந்தப் பெண்கள் ஏறக்குறைய எடையே இல்லாமல் ஆரம்பித்து, பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, மிகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள், வீக்கம் இருந்தவர்கள் கையை இறுக்கும் உறை போட்டுக்கொண்டு செய்தார்கள். நீங்கள் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கலாம், அது அரைக் கிலோ. முழங்கையை மடக்கி நீட்டுவது, தோள் உயரம் வரை பக்கவாட்டில் தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவை போதும். பத்து முறை செய்து இரண்டு மூன்று நாள் கையைக் கவனியுங்கள். வளையல் இறுக்கமாகிறதா, ரவிக்கைக் கை பிடிக்கிறதா, கை கனக்கிறதா? இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்துக் கொஞ்சம் கூட்டுங்கள். இப்படியே ஒரு லிட்டர், ஒன்றரை, இரண்டு. வீக்கம் தெரிந்தால் முந்தைய எடைக்குத் திரும்பி, பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது வேறு விஷயம், தொற்று. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

பேத்தி எத்தனை கிலோ என்று நீங்கள் எழுதவில்லை. பத்துக் கிலோ என்று வைத்துக்கொண்டால், சோபாவில் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்வது இன்றைக்கே முடியும். தரையிலிருந்து தூக்குவது நான்கைந்து மாதப் பயிற்சிக்குப் பிறகு, இரண்டு கையாலும், முட்டியை மடக்கி.

காலையில் கோலம் போடுவதிலிருந்து இரவு பாத்திரம் கழுவுவது வரை எல்லா வேலையும் நான்தான். இதற்கு மேல் தனியாக உடற்பயிற்சி வேறு வேண்டுமா? வயது 66, சிகிச்சை முடிந்து ஐந்து வருடம்.
– வாசகி, பொள்ளாச்சி

வேண்டும். சண்டைக்கு வராதீர்கள், காரணம் சொல்கிறேன். வீட்டு வேலை உங்களை இருக்கும் நிலையில் வைத்திருக்கிறது, அதற்கே பல பேர் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். குனிந்து கோலம் போடுகிறவருக்கு இடுப்பும் தொடையும் நன்றாகவே இருக்கும். ஆனால் தினமும் அதே பாத்திரம், அதே துடைப்பம், அதே எடை. தசை வளர வேண்டுமென்றால் போன மாதத்தை விட இந்த மாதம் கொஞ்சம் கூடுதல் சுமை வேண்டும். இதயத்துக்கும் அப்படித்தான், நின்று நின்று செய்யும் வேலையில் கால் வலிக்குமே தவிர மூச்சு வாங்காது.

புற்றுநோயைக் கடந்தவர்களுக்காக அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-ல் வெளியிட்ட பரிந்துரை எளிமையானது: வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் வேகமாக நடப்பது மாதிரி ஒன்று, வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு தரும் பயிற்சி. அசதி, மனச்சோர்வு, பதற்றம், அன்றாட இயக்கம் இவை எல்லாவற்றுக்கும் இதில் பலன் கிடைத்திருக்கிறது. வேகம் என்றால் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்களுக்கு இதற்கு நேரம் வேண்டுமென்றால் வீட்டில் வேறு யாராவது பாத்திரம் கழுவ வேண்டும். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து விரல், முட்டி, கணுக்கால் எல்லாம் வலி. காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடிவதில்லை. எனக்கு 70 வயது. இந்த லட்சணத்தில் நடக்கச் சொல்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மாதவிடாய் நின்ற பிறகும் உடலில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியாகிக்கொண்டிருக்கும், அதை அடக்கித்தான் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகள் நோய் திரும்பாமல் காக்கின்றன. அந்த ஈஸ்ட்ரோஜன் மூட்டுக்கும் எலும்புக்கும் செய்துவந்த உதவியும் கூடவே போய்விடுகிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூட்டு வலி என்கிறார்கள், நிறையப் பேர் சொல்லாமலே நிறுத்தியும் விடுகிறார்கள், அதுதான் கவலை.

வலி இருக்கும்போது நடப்பதா என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியை யேல் பல்கலைக்கழகத்தில் மெலிண்டா இர்வின் குழு எடுத்துக்கொண்டது. இதே வகை மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்கள். ஒரு குழு வாரம் 150 நிமிடம் நடை போன்ற பயிற்சியும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும் ஒரு வருடம் செய்தது. வலியின் கடுமை அவர்களுக்கு 29 சதவீதம் குறைந்தது, வழக்கம்போல் இருந்தவர்களுக்கு 3 சதவீதம் கூடியது. 2015-ல் வெளியான முடிவு இது. வலி முழுதாகப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே மாத்திரையைத் தொடர முடிகிறவர்கள் பலர்.

நடைமுறையில், எழுந்த உடனே நடக்கக் கிளம்பாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள், கட்டிலில் உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுற்றுங்கள், காபி குடித்துவிட்டு, அரை மணி கழித்துப் போங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். நடக்கும்போது வலி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் முந்தைய நாளை விட அதிகமாக இருந்தால் தூரத்தைக் குறையுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதுண்டு.

கீமோவுக்குப் பிறகு பாதம் மரத்துப்போய்விட்டது. செருப்பு கழன்றுபோனால்கூடத் தெரிவதில்லை. சர்க்கரையும் இருக்கிறது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் வெளியே போவதையே விட்டுவிட்டேன். வயது 65.
– வாசகி, திருநெல்வேலி

பேக்ளிடாக்சல் போன்ற மருந்துகள் நரம்பு நுனிகளைப் பாதிப்பதால் வருவது இது. சர்க்கரை இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பலருக்கு மாதங்கள் போகப்போகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். பாதம் தரையைச் சரியாக உணராதபோது உடம்பு சமநிலைக்குக் கண்ணையும் இடுப்பையும் தொடையையும் நம்ப வேண்டியிருக்கிறது, அதனால்தான் இருட்டில் பாத்ரூம் போகும்போது தடுமாறுகிறீர்கள், இல்லையா? படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே சிறிய இரவு விளக்கு ஒன்று போடுங்கள், மிதியடி வழுக்கினால் தூக்கி எறியுங்கள்.

பயிற்சிக்குச் சமையல் மேடை போதும். மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பாதத்தின் விரல் நுனியும் இன்னொரு பாதத்தின் குதிகாலும் தொடுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பத்து விநாடி நில்லுங்கள். பிறகு கால் மாற்றி. நன்றாக வந்தால் ஒரு கை, அதுவும் வந்தால் ஒரு விரல். பால் பொங்கும் வரை அடுப்படியில் நிற்கத்தானே போகிறீர்கள், அந்த நேரத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், மேடையை விட மட்டும் வேண்டாம்.

வெளியே போகும்போது பின்னால் பட்டை உள்ள செருப்போ ஷூவோதான், வெறும் ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு வடகம் காயப்போடுவதும் வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும். கோயில் பிரகாரத்துக்கும் இதே எச்சரிக்கை, விடிகாலையில் போய்விடுங்கள். தினமும் இரவில் பாதத்தின் அடியைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். அம்மா 74 வயதில் சிவகங்கை பக்கத்தில் கிராமத்தில் தனியாக இருக்கிறார். சிகிச்சை முடிந்து ஆறு வருடம். பக்கத்தில் பிசியோதெரபி மையம் எதுவும் இல்லை. போனில் சொல்லிச் செய்யவைத்தால் பலன் இருக்குமா?
– ஒரு மகன்

இருக்கும் தம்பி. மார்பகம், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய் வந்து ஐந்து வருடம் தாண்டிய, எடை கூடுதலாக இருந்த, 65 முதல் 91 வயதுள்ள 641 பேரை வைத்து அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது, 2009-ல் வெளியானது. யாரும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. தபாலில் புத்தகம், ரப்பர் பட்டை, அடி எண்ணும் கருவி அனுப்பினார்கள், தொலைபேசியில் பேசினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் 15 நிமிடம் வலுப்பயிற்சி, தினமும் அரை மணி நடை, உணவில் மாற்றம். ஒரு வருடம் கழித்து எல்லோருக்குமே இயக்கத்திறன் கொஞ்சம் குறைந்திருந்தது, அந்த வயதில் அது இயல்பு. ஆனால் போன் வந்தவர்களுக்குக் குறைந்த அளவு மற்றவர்களுக்குக் குறைந்ததில் பாதிகூட இல்லை.

ஆகவே போனில் 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்பதோடு, 'இன்னைக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தே?' என்றும் கேளுங்கள். வீடியோவில் அவர் செய்வதைப் பாருங்கள், சும்மா 'செஞ்சேன் செஞ்சேன்' என்று சொல்லிவிடுவார்கள், நம்பாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு, தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அம்மாவின் சிகிச்சை விவரத்தைச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். ஒருமுறை நேரில் பார்த்து, எது செய்யலாம் எது கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டால், அதன் பிறகு உங்கள் போன் போதும்.

என் மனைவிக்கு 67 வயது. டெக்ஸா ஸ்கேனில் எலும்பு தேய்மானம் என்று வந்திருக்கிறது. யோகா வகுப்பில் சேர்த்துவிடலாமா?
– வாசகர், சேலம்

சேர்க்கலாம் ஐயா, ஆனால் ஆசிரியரிடம் ஸ்கேன் முடிவை முதலிலேயே காட்டுங்கள். எலும்பு அடர்த்தி நன்றாகக் குறைந்திருந்தால் முதுகை வளைத்து முன்னால் குனியும் ஆசனங்கள், தரையில் படுத்து உடலை மடக்கி எழுவது, கழுத்தில் எடை விழும் சர்வாங்காசனம், இடுப்பை வேகமாக முறுக்குவது, இவை எதுவும் வேண்டாம். முதுகெலும்பு நசுங்கிவிடக்கூடும். நின்று செய்யும் ஆசனங்கள், சுவரைப் பிடித்துச் செய்யும் விருட்சாசனம், மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்யட்டும்.

யோகா மட்டும் எலும்புக்குப் போதுமா என்றால், போதாது என்பது என் கருத்து. எலும்புக்குச் சுமை வேண்டும். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் கெர்ரி விண்டர்ஸ்-ஸ்டோன் என்ற ஆய்வாளர், மாதவிடாய் நின்ற, மார்பகப் புற்றுநோயைக் கடந்த 106 பெண்களை வைத்து ஒரு வருடம் செய்த ஆய்வில், எடைப் பயிற்சியும் குதிக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் குறைந்தது. உங்கள் மனைவி குதிக்க வேண்டாம், ஏற்கெனவே தேய்மானம் உள்ளவருக்கு அது ஆபத்து. மாடிப்படி ஏறுவது, நாற்காலிப் பயிற்சி, எடை தூக்குவது இவை போதும். மருந்தும் தேவைப்படலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயிற்சியை நம்பி எலும்பு ஊசியைத் தவிர்க்காதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கொடியில் துணி போட முடியவில்லை, தலை வார முடியவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி ஏதோ இழுக்கிறது. வயது 61.
– வாசகி, விழுப்புரம்

அந்தக் 'கயிறு' பலருக்கு வருவதுதான், பயப்படாதீர்கள். நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு அங்குள்ள நாளங்கள் இறுகித் தோலுக்கடியில் நரம்பு மாதிரிப் புடைத்துத் தெரியும். மெதுவாக நீட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் மேலே ஏறுங்கள், இழுக்கும் இடத்தில் நிறுத்திப் பதினைந்து இருபது விநாடி இருந்து இறங்குங்கள், சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு, நல்ல கையால் மற்றக் கையைப் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோகலாம்.

உண்மையில் இதை ஐந்து மாதத்துக்கு முன்பே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தோள் இறுக அதிக வாய்ப்புள்ள 392 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் முடிந்து ஏழு முதல் பத்து நாளில் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, வெறும் துண்டறிக்கை மட்டும் கிடைத்தவர்களை விட ஒரு வருடம் கழித்துக் கை நன்றாக வேலை செய்தது. இப்போதும் தாமதமாகிவிடவில்லை, ஆனால் நேரில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். ரேடியேஷன் கொடுத்திருந்தால் அந்த இடம் இன்னும் பல மாதம் கழித்தும் இறுகும், அதனால் தோள் சரியாகிவிட்டது என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

உடற்பயிற்சி செய்தால் புற்றுநோய் திரும்ப வராதா?
– வாசகி, வேலூர்

அப்படி யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முதல் ஐந்து மணி நேரம் சாதாரண வேகத்தில் நடந்த அளவுக்கு உழைத்தவர்கள் நோயால் இறப்பது குறைவாக இருந்தது. ஆனால் உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே அதிகம் நடப்பார்கள், அதனால் இதை மட்டும் வைத்துக் காரணம் இதுதான் என்று சொல்லிவிட முடியாது. பெருங்குடல் புற்றுநோயில் 889 பேரைக் குழுப் பிரித்து நடத்திய சோதனை 2025-ல் வெளியாகி, மேற்பார்வையோடு செய்த பயிற்சி நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறது. அது வேறு புற்றுநோய். நான் பயிற்சி செய்யச் சொல்வது நோய் திரும்புவதைப் பற்றி யோசித்து அல்ல, அடுத்த பதினைந்து இருபது வருடம் பஸ் படியில் ஏற நீங்கள் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காக.

பயிற்சி தொடங்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டியது கட்டாயமா?
– வாசகி, தஞ்சாவூர்

மெதுவான நடைக்குத் தேவையில்லை. ஆனால் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்ஸோரூபிசினோ, டிராஸ்டுசுமாப் ஊசியோ போட்டவர்கள் இதயத்தை ஒருமுறை எக்கோவில் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது, இரண்டும் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், டமாக்சிஃபென் சாப்பிடுகிறவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது, எலும்பில் புதிதாக வந்து இரவிலும் விடாத வலி, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வாட்ஸ்அப்பில் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள், டப்பா இரண்டாயிரம் ரூபாய்.
– வாசகி, சென்னை

இரண்டாயிரத்துக்கு எவ்வளவு முட்டை வரும் என்று கணக்குப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். காலையில் இட்லி சட்னி, இரவில் ரசம் சாதம் என்று இருந்தால் அதில் பாதிகூடத் தேறாது. சட்னிக்குப் பதில் கெட்டிச் சாம்பார், மாலையில் சுண்டல், மத்தியானம் மீனோ முட்டையோ, சைவம் என்றால் பருப்பும் தயிரும் பன்னீரும் கூடுதலாக. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பூங்காவில் நடக்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பக்கம் மார்பகம் இல்லை, எல்லோரும் பார்ப்பது போலவே தோன்றுகிறது. சேலைக்கு ஷூ போட்டால் மருமகளே சிரிக்கிறாள். வயது 69.
– வாசகி, ஈரோடு

சிரித்தால் சிரிக்கட்டும், ஷூவைக் கழற்றாதீர்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் தூக்கிக் கட்டுங்கள், தடுக்காது. சுடிதார் பழக்கமிருந்தால் இன்னும் வசதி. சிலிக்கான் செயற்கை மார்பகம் வெயிலில் கனக்கும், வியர்த்தால் தோல் உரசும். நடக்கும் நேரத்துக்கு மட்டும் பருத்தித் துணியில் தைத்துப் பஞ்சு அடைத்த ஒன்றை உள்ளாடையில் வைத்துக்கொள்ளலாம், தையல்காரரிடம் சொன்னால் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். பூங்கா பிடிக்கவில்லையென்றால் மொட்டை மாடி, வீட்டு வராந்தா, தெருவில் விடிகாலை ஐந்தரை மணி, எது சௌகரியமோ அது. இன்னொரு பெண்ணைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது, மருமகளையே கூப்பிட்டுப் பாருங்களேன், அவளுக்கும் நடை தேவைப்படும்.